சாப்பாட்டுடன் இரண்டு

மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் கடைசி வரி மட்டும் தமிழில் இருந்தது: 'சாப்பாட்டுடன் 2'. மற்ற வரிகளை மருந்துக் கடைக்காரர் படித்துக்கொள்வார், இந்த வரியை மட்டும் நான் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனிதர். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று வாயாலும் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு விழுங்கினால் பயன் குறைந்துவிடும், மாத்திரையும் சோறும் வயிற்றில் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்றார்.

தீர்த்தமலைக்கு வந்து அம்மாவிடம் சீட்டைப் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "நீ எப்ப கண்ணு பாதிச் சாப்பாட்டுல இருந்திருக்கே?"

நானும் யோசித்துப் பார்த்தேன். காலையில் தோசை வார்க்கும்போது ஓரம் கருகியது ஒன்று, நின்றபடியே. பதினொரு மணிக்குத் தேநீர், யாராவது நீட்டும் பிஸ்கட். மதியம் பாடவேளை முடிந்து டப்பாவைத் திறந்தால் கையெழுத்துக்கு ஒரு மாணவி வந்து நிற்பாள், நாலு வாய். மாலையில் பேருந்து விட்டு இறங்கியதும் டப்பாவில் இருந்த மிச்சம். இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு குழம்புச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்த சோறு. ஒரு நாளில் பதினைந்து முறை என் வாய் அசைகிறது. சாப்பாடு என்று ஒன்று நடப்பதில்லை. இதில் நடு எது? அந்தச் சீட்டு, உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தட்டு வைத்து, யாரோ பரிமாற, தொடக்கத்திலிருந்து கடைசி வரை எழாமல் சாப்பிடுகிற ஒருவர். எங்கள் வீட்டில் அப்படிச் சாப்பிட்டவர் அப்பா மட்டும்தான்.

எனக்கு நாள்பட்ட கணைய அழற்சி. கணையம் என்ற சொல்லைக் கல்லூரியில் சங்கப் பாடம் நடத்தும்போது பலமுறை விளக்கியிருக்கிறேன். கோட்டைக் கதவை உள்ளிருந்து தடுக்கும் குறுக்கு மரம் என்று பொருள். வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்புக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்பது படுக்கையில் கிடந்தபோதுதான் தோன்றியது. சோற்றையும் பருப்பையும் கொழுப்பையும் கரைக்கும் நீரைச் சுரப்பது அதன் வேலை. அந்த நீர் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வீரியம் பெற வேண்டும். உள்ளேயே வீரியம் பெற்றுவிட்டால் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். பிறகு தழும்பு, சுருக்கம், குழாயில் கல். சாப்பிட்டால் வலி. சாப்பிட்டது உடம்பில் ஒட்டுவதில்லை. எண்ணெய் மிதக்க வெளியேறிவிடும். இதைச் சொல்வதற்கே எனக்கு மூன்று ஆண்டு ஆனது. முனைவர் பட்டம் வாங்கியவள், மேடையில் உடலைப் பற்றிக் கவிதை வாசிப்பவள், மலத்தின் நிறத்தை மருத்துவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

இந்த நோய்க்கு நம் பக்கத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. 1959இல் சூய்டெமா என்பவர் இந்தோனேசியாவில் ஏழை நோயாளிகளிடம் கணையக் கல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதை எழுதினார். அதன் பிறகு கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து, 1968இல் ஒரு நூலே எழுதினார். சிறுவயதில் வயிற்று வலி, வயதுக்கு வரும் பருவத்தில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் சாவு என்று அவர் இந்த நோயின் வாழ்க்கை வரலாற்றை மூன்று படிகளில் சொன்னார். குடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெப்ப நாடுகளின் கணைய நோய் என்று பெயர் வைத்தார்கள். சென்னையில் எம். விசுவநாதனும் வி. மோகனும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இன்று மருந்து கிடைப்பதால் அந்த மூன்றாம் படி பலருக்குத் தள்ளிப் போயிருக்கிறது. நாற்பதைத் தாண்டி நான் உட்கார்ந்து இதை எழுதுவது அதற்கொரு சான்று.

காரணம் என்னவென்று தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்டது மரவள்ளிக் கிழங்கு. கேரளத்து ஏழைகளின் சோறு அது. எங்கள் பக்கத்தில் குச்சிக் கிழங்கு என்போம். சேலம், தருமபுரி முழுக்க ஜவ்வரிசி ஆலைகளுக்காக அதைப் பயிரிடுகிறார்கள். அரூரிலிருந்து தீர்த்தமலை வரும் சாலையோரக் காடுகளிலும் அது நிற்கும். அதில் இயற்கையாகவே சயனைடு விடும் பொருள் இருக்கிறது, அதை முறிக்க உடம்புக்குப் புரதம் வேண்டும், புரதம் இல்லாத ஏழை உடம்பில் அது கணையத்தைக் கெடுக்கிறது என்று 1970களின் கடைசியில் ஒரு கருத்து வந்தது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் கிழங்கே தின்னாத ஊர்களிலும் இந்த நோய் இருந்தது. கிழங்கையே தின்று வாழ்ந்த எத்தனையோ ஊர்களில் இல்லை. 2000க்குப் பிறகு மரபணு ஆய்வுகள் வந்தன. கணைய நீர் உள்ளேயே வீரியம் பெறாமல் தடுக்கும் ஒரு புரதம் உண்டு. அதற்கான ஸ்பிங்க்-1 மரபணுவில் ஒரு மாற்றம் இந்திய நோயாளிகள் பலரிடம் காணப்பட்டது. அந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கதவின் குறுக்கு மரம் சற்றுத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் அம்மாவுக்கு முதல் கதை மட்டும் எப்படியோ காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. "மழையில்லாத வருசத்துல உனக்கு அவிச்ச கெழங்குதான் குடுத்தேன்" என்று ஒரு இரவு அடுப்படியில் இருந்து சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் எத்தனை வருடம் அதைச் சுமந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. பிள்ளைக்கு ஒரு நோய் வந்தால் அறிவியல் ஒரு காரணத்தைத் தேடுகிறது. வீடு ஒரு ஆளைத் தேடுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் அடுப்புக்கு அருகில்தான் இருப்பாள். மரபணு ஆய்வை அவளுக்கு விளக்கினேன். கிழங்கின் மேல் இருந்த பழி இறங்கியது. "அப்ப ரத்தத்துல நான் குடுத்ததா?" என்றாள். அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாகவே படவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? என் மகள் பரீட்சை நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் எனக்கும் அதே கணக்குத்தான் ஓடுகிறது.

மருந்துகளுக்கு வருகிறேன். என் முன்னால் இருந்தவை நான்கு வகை. செரிமானத்துக்கான என்சைம் கேப்சூல். சர்க்கரைக்கு இன்சுலின். வலிக்கு மாத்திரைகள். பிறகு, வேலை செய்யுமா செய்யாதா என்று மருத்துவர்களுக்கே ஒத்த கருத்து இல்லாத சில.

என்சைம் கேப்சூல் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. இதை அறிந்ததும் எங்கள் உறவில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பில் சைவம் கொஞ்சம், சாதி நிறைய. பன்றி மேய்ப்பவர் யார், எந்தத் தெருவில் இருப்பவர் என்ற நினைவு அது. 1980களில் மனித இன்சுலினைச் செயற்கையாகச் செய்யத் தொடங்கும் வரை சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டதும் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்ததுதான். அப்போது எந்த ஆசாரம் தடுத்தது என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த இசுலாமியப் பெண்ணின் தயக்கம் வேறு. அவருடையது அருவருப்பு அல்ல, கடவுளோடு அவருக்கு இருந்த ஒப்பந்தம். உயிருக்காக என்றால் மார்க்கம் விலக்குத் தருகிறது என்று அவர் மகன் கேட்டு வந்து சொன்ன பிறகே எடுத்துக்கொண்டார். இரண்டையும் 'மூடநம்பிக்கை' என்று ஒரே கூடையில் போட என்னால் முடியவில்லை. ஒன்று இன்னொருவரைத் தாழ்த்துவதால் வருவது. மற்றொன்று தனக்குத் தானே வைத்துக்கொண்ட எல்லை.

இன்சுலினில் தேர்வு அதிகம் இல்லை. கணையத்தின் சேதம் இன்சுலினை மட்டும் குறைப்பதில்லை, சர்க்கரை தாழ்ந்தால் தூக்கிவிடும் குளுக்ககானையும் குறைத்துவிடுகிறது. அதனால் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப் போனால் எங்கள் வகையினருக்கு ஆபத்து கூடுதல். மறுபடியும் அதே கேள்வி: எத்தனை மணிக்குச் சாப்பிடுவேன் என்று தெரிந்த பெண் யார்?

வலிதான் பெரிய விஷயம். முதல் முறை அவசரப் பிரிவில் என்னைப் படுக்க வைத்தபோது ஓர் இளம் மருத்துவர் என் கணவரைத் தனியாக அழைத்து, "மேடம் குடிப்பாங்களா?" என்று கேட்டார். கேள்வி சரியான கேள்விதான். இந்த நோய்க்கு உலகம் முழுக்க முதல் காரணம் மதுதான், கேட்டே ஆக வேண்டும். என்னைக் கேட்டிருக்கலாம். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாம் முறை, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டதற்கு ஒன்பது என்றேன். அழாமல் சொன்னதால் ஆறு என்று எழுதினார்கள். மூன்றாம் முறை அழுதுகொண்டே சொன்னேன். பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அமெரிக்காவில் டயான் ஹாஃப்மனும் அனிதா டார்சியனும் 2001இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் பேசுகிறது: பெண்கள் வலி என்று சொன்னால் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொள்வதும், போதிய மருந்து தராமல் விடுவதும். எலைன் ஸ்காரி 1985இல் வந்த தன் நூலில் இன்னும் அடியில் போய்ப் பார்த்தார். வலிப்பவருக்கு வலியைவிட உறுதியானது ஒன்றுமில்லை, கேட்பவருக்கோ ஐயப்பட அதைவிடத் தோதானது ஒன்றுமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கள் அரூர் வட்டத்துப் பெண்களுக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. வாச்சாத்திப் பெண்கள் 1992 ஜூனில் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். நீதிமன்றம் அதை நம்பித் தீர்ப்பெழுத 2011 செப்டம்பர் ஆனது. என் வயிற்றை அந்தக் கொடுமைக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொல் இங்கே எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

எனக்கு முதலில் தந்தது பாராசிட்டமால். பிறகு ப்ரீகேபலின். நரம்பு வழியாக வரும் வலிக்கானது. 2011இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, கணைய அழற்சியில் அது வலியைக் கொஞ்சம் குறைக்கிறது என்று காட்டியது. அதே ஆய்வில் பலர் சொன்ன பக்க விளைவு, குடித்ததுபோல் இருக்கிறது என்பது. குடிக்கிறாளா என்று கேட்கப்பட்ட நான், மருந்தால் குடித்தவள்போல் வகுப்புக்குப் போனேன். சிரிப்பு வரும் விஷயம்தான், ஒரு மாதம் கழித்து. அப்போது வரவில்லை. வலி உண்மையாகவே தணிந்திருந்தது. கல் விழுந்த குளம் அடங்குவதுபோல. ஆனால் சொற்களும் அடங்கிவிட்டன. மூன்றாம் ஆண்டு வகுப்பில் அகப்பாட்டு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். 'கூற்று' என்ற சொல் வரவில்லை. இருபது ஆண்டாகத் தினமும் சொல்லும் சொல். தலைவி... தலைவியின்... என்று நின்றேன். முன் இருக்கை மாணவி எடுத்துக் கொடுத்தாள். அந்த ஆறு மாதத்தில் ஒரு கவிதையும் எழுதவில்லை.

அப்போதுதான் கேள்வி ஒழுங்காக உருவானது. வலியில்லாமல் சொல்லில்லாமல் இருப்பதா, வலியோடு சொல்லோடு இருப்பதா? நண்பர்கள் இரண்டு பக்கமும் பேசினார்கள். ஒரு கவிஞர் நண்பர், ஆண், "வலிதானே கவிதை?" என்றார். அவருக்கு வலித்தபோது பல் பிடுங்க மயக்க ஊசி கேட்டவர் அவர். வலியிலிருந்து எழுத்து பிறக்கிறது என்ற நம்பிக்கை நம்மிடம் பழையது. திருநாவுக்கரசர் கதையே அதுதான். சமணத்தில் தருமசேனராக இருந்தவருக்குச் சூலை நோய் வருகிறது, அங்கே யாராலும் தீர்க்க முடியவில்லை, தமக்கை திலகவதியாரிடம் வருகிறார், திருவதிகையில் பாடுகிறார், வயிற்று வலி தீர்கிறது, தமிழுக்குப் பதிகம் கிடைக்கிறது. பெரிய புராணம் இதை அழகாகச் சொல்கிறது. பாடம் நடத்தும்போது நானும் உருகித்தான் சொல்வேன். இப்போது வேறொன்று கேட்கத் தோன்றுகிறது. சூலை திலகவதிக்கு வந்திருந்தால்? நிச்சயித்தவன் போரில் மாண்ட பிறகு, தம்பிக்காக உயிர் தரித்து, கோயிலில் மெழுகிக் கோலமிட்டுக்கொண்டிருந்தவள் அவள். அவள் வலியோடு யாரிடம் ஆள் அனுப்பியிருப்பாள்? பொறுத்திருப்பாள். பொறுத்தாள் என்றுகூட எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் தெரிந்திருக்காது.

பொறுத்தல் ஒரு அறம் என்பதை நான் மறுக்கவில்லை. அம்மா என்னைச் சுமந்ததும் பொறுத்தல்தான். ஆனால் மருந்து இருக்கும்போது பொறுப்பது என்பது வேறு பொருள். அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நான் ப்ரீகேபலினைக் குறைக்க நினைத்தது எனக்காக, என் சொல்லுக்காக. அதற்கு முன் இரண்டு ஆண்டு நான் வலியை யாரிடமும் சொல்லாமல் இருந்தது, விருந்துக்கு வந்தவர்கள் முகம் வாடக் கூடாது என்பதற்காக. இரண்டையும் பார்ப்பவர்கள் 'நல்ல பொறுமைசாலி' என்றுதான் சொன்னார்கள். உள்ளே இருந்து பார்த்தால் இரண்டும் உறவே இல்லாதவை.

அடுத்த படி அபினி வகை மருந்துகள். ட்ரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்தது. கடையில் சீட்டை நீட்டும்போது கடைக்காரர் சீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, என் கழுத்தைப் பார்த்து, மறுபடி சீட்டைப் பார்ப்பார். சட்டப்படி அபினி பயிரிடும் நாடு இது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அஞ்சியே பல காலம் இங்கே புற்று நோயாளிக்குக்கூட மார்ஃபின் எட்டாமல் இருந்தது. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் போராடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த வரலாறு தெரிந்ததால் மருத்துவர் தயங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் என்னை உட்கார வைத்துப் பேசினார். புற்று நோயின் கடைசிக் காலம் வேறு, இருபது முப்பது ஆண்டு வாழப்போகிறவரின் வலி வேறு என்றார். இந்த மருந்து குடலை முடக்கும், அளவு ஏறிக்கொண்டே போகும், சிலருக்கு நாள்பட எடுத்தால் வலியுணர்வையே கூர்மையாக்கிவிடும். எல்லாம் உண்மை. கேட்ட உடனே எனக்குத் தோன்றியது, இதை மறுப்பாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லிவிட்டார் என்பதுதான். மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கணக்கை என் கையில் கொடுத்ததும் நானே வேண்டாம் என்றேன். அதாவது தினமும் வேண்டாம்; தாங்க முடியாத நாளுக்கென ஒரு அட்டை பீரோவில் இருக்கிறது. அது அங்கே இருப்பதே பாதி நாள்களுக்கு மருந்து.

இன்னொரு மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில் எனக்கு ஒரு தீராத ஆர்வம். செலினியம், வைட்டமின் சி, இ, பீட்டா கரோட்டின், மெத்தியோனின் கலந்த மாத்திரைகள். 2009இல் டெல்லி எய்ம்ஸில் 127 நோயாளிகளிடம் ஆறு மாதம் சோதித்து, வலி நாள்கள் குறைந்தன என்றார்கள். 2012இல் மான்செஸ்டரில் இதேபோன்ற சோதனை நடந்தது. வலி குறையவில்லை என்றார்கள். யாரை நம்புவது? டெல்லியில் இருந்தவர்களில் இளையவர்கள் அதிகம், குடியால் வராத நோய் அதிகம். மான்செஸ்டரில் குடியால் வந்தது அதிகம், வயதும் கூடுதல். சான்று என்பதை மேலிருந்து விழும் நீர்போல எல்லோர் மேலும் சமமாக விழுவதாக நினைத்திருந்தேன். அது யாரோ சில உடம்புகளிலிருந்து எடுத்தது. என் உடம்புக்கு அதில் எந்த உடம்பு சொந்தம்? டெல்லிதான் நெருக்கம் என்று முடிவு செய்து, மருத்துவரிடம் கேட்டு, எடுத்துக்கொண்டிருக்கிறேன். வலி நாள்கள் குறைந்தாற்போல இருக்கிறது. நான் எண்ணத் தொடங்கியதால் குறைந்ததாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் எழுதிய பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி எழுதாமல் போனால் பொய்யாகிவிடும். வார்டில் எதிர்க் கட்டிலில் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, செங்கல் சூளையில் கூலி. எனக்கு இருக்கும் அதே நோய், சிறுவயதிலிருந்து. அவளிடமும் என்சைம் கேப்சூல் டப்பா இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறாய் என்று கேட்டேன். "தினமும் போட முடியுங்களாக்கா? கறி, மீனு எடுக்கற அன்னிக்கு ஒண்ணு போட்டுக்குவேன். கஞ்சிக்கு எதுக்கு வீணா?" என்றாள். எனக்கு ஆறேழு கேப்சூல் ஒரு நாளைக்கு. மாதக் கணக்கில் போட்டால் வாடகையோடு போட்டியிடும் தொகை. வலித்தாலும் என் சம்பளத்தில் முடிகிறது. எங்கள் ஊரில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை பையில் வீடு தேடி வருகிறது, 2021இல் தொடங்கிய திட்டம், அம்மா அதில்தான் வாங்குகிறாள். பெரிய காரியம் அது, குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பையில் எங்கள் கேப்சூலை நான் பார்த்ததில்லை.

மருத்துவ அறத்தைப் பற்றிய நூல்களில் 'நோயாளியின் தேர்வு' என்று வரும். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். மாணவர்களுக்குப் பரீட்சையும் தேர்வுதான். எனக்கு நடப்பது முதல் தேர்வு. அவளுக்கு நடப்பது இரண்டாவது. கேள்வித்தாளை வேறு யாரோ தயாரித்துவிட்டார்கள். அவளுடைய கணக்கில் ஒரு தெளிவும் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கொழுப்பு அதிகமான உணவுக்குத்தான் கேப்சூல் அதிகம் தேவை. அதை அவள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாள். ஆனால் கஞ்சியும் ஒட்டாத உடம்பு மெலிந்துகொண்டே போகும், கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் சேராமல் எலும்பு தேயும். அவளைக் கூப்பிட்டு 'மருந்தை ஒழுங்காக எடு' என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் டப்பாவில் இருந்து இரண்டு அட்டை கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அது எதையும் மாற்றாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் பத்துக் குறள். மருந்தின் பெயர் ஒன்றுகூட அதில் கிடையாது. இரண்டாவதிலிருந்து ஏழாவது வரை சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது: செரித்த பின் உண், அளவறிந்து உண், மாறுபடாததை உண். மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது முன்பெல்லாம் வள்ளுவரின் அறிவியல் என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். இப்போது சொல்வதில்லை. அளவு தன் கையில் இருக்கும் ஒருவனைப் பார்த்துச் சொல்லப்பட்டது அது. மிஞ்சியதை உண்கிறவளுக்கு அளவை மற்றவர்களின் பசி நிர்ணயிக்கிறது. கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர். நோயாளியை முதலில் வைத்ததற்காக அவருக்கு என் வணக்கம். நோயாளி, மருத்துவர், பணிவிடையாளர் மூவரும் ஆண்பால் ஈற்றில் வருகிறார்கள். இலக்கணப்படி அது இரு பாலுக்கும் பொது என்று உரை சொல்லலாம். ஆனால் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இரவு பதினொரு மணிக்குப் பாய் விரித்துப் படுத்திருக்கும் அந்த நான்காமவரை எண்ணிப் பாருங்கள், ஈறு மாறிவிடும்.

மாசி மாதத்தில் அம்மாவோடு மலை ஏறினேன். ஏறினேன் என்பது பெருமைக்கு. பாதிப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். கங்கை நீரோடு அனுமன் வரத் தாமதமானதால் இராமன் அம்பெய்து ஊற்றெடுக்க வைத்தான் என்பது தலக்கதை. பாறை உச்சியிலிருந்து நூலாக விழுகிறது இராமர் தீர்த்தம். குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று மற்றவை. அகத்தியர் தீர்த்தம் வயிற்றுக்கு என்பது அம்மாவின் கணக்கு. பித்தளைச் சொம்பில் பிடித்து நீட்டினாள். குடித்தேன். நம்பியா என்று கேட்டால், இல்லை. எழுபது வயதில் அத்தனை படி ஏறி அவள் பிடித்த தண்ணீரைக் கொட்டுவதற்கு என்னிடம் எந்தக் கொள்கையும் இல்லை. "மாத்திரைய நிறுத்தச் சொல்லல. இதையும் குடின்னுதான் சொல்றேன்" என்றாள். பல மருத்துவர்களுக்கு இல்லாத நிதானம்.

தமிழில் நோயும் தீரும், மருந்தும் தீரும். ஒரே வினைச்சொல். இறங்கி வந்து பையைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் நடந்திருந்தது. அட்டையில் ஒன்றுதான் மிச்சம். இந்தக் கேப்சூல் அரூருக்குப் போனால்தான் கிடைக்கும், அதுவும் சொல்லி வைத்தால். இரவுச் சாப்பாட்டுக்கு அதை வைத்துக்கொண்டேன். செங்கல் சூளைப் பெண்ணின் கணக்கை அன்றைக்கு நானும் போட்டேன்.

இப்போதைக்கு என் ஏற்பாடு இது. ப்ரீகேபலின் குறைந்த அளவில், இரவில் மட்டும். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தார், அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பகலில் கொஞ்சம் வலி இருக்கிறது, கொஞ்சம் சொல் இருக்கிறது. கல்லை ஒலியதிர்வால் உடைப்பதா, குழாயைத் திறந்து குடலோடு இணைக்கும் அறுவைக்கு இப்போதே போவதா என்று அடுத்த மாதம் பேச வேண்டும். நெதர்லாந்தில் 88 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, முன்கூட்டியே அறுவை செய்துகொண்டவர்களுக்கு அடுத்த ஒன்றரை ஆண்டில் வலி குறைவு என்கிறது. 88 பேரில் என்னைப் போன்றவர் எத்தனை பேர் என்று மருத்துவரிடம் கேட்கக் குறித்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இன்னொரு கேள்வி: அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் வீட்டில் சமைப்பது யார். இதற்கு அவரிடம் விடை இருக்காது. இருந்தாலும் கேட்கப் போகிறேன், கணவரையும் அறைக்குள் உட்கார வைத்து.

அன்று இரவு அம்மா எனக்குத் தட்டு வைத்தாள். உட்கார்ந்து, முதல் கவளத்தோடு அந்த ஒன்றை விழுங்கினேன். அம்மா சட்டியும் கரண்டியுமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய சர்க்கரை மாத்திரையும் சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டியது. போட்டுக்கொண்டாளா என்று கேட்டேன்.

"அப்பவே போட்டுட்டேன்" என்றாள். "நீ சாப்பிடு."

போட்டு முக்கால் மணி ஆகியிருந்தது. இன்னொரு தட்டை எடுத்து வைத்தேன்.